வலது மார்பும் போகட்டும்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். கிள்ளான் முழுக்கப் புழுக்கம். நோன்பு மாதம் என்பதால் கொமுட்டர் ரயிலில் கூட்டம் குறைவு, உட்கார இடம் கிடைத்தது. சேகர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். இந்த வெயிலில் ஏர்கான் ரிப்பேர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, ஆனாலும் வந்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மரபணுவில் கோளாறு. அம்மா வழியில் வந்திருக்க வேண்டும். அம்மாவுக்கும் இதே நோய்தான்.

இடது மார்பை எடுப்பது போன மாதமே முடிவானது. கட்டி பெரிது. இன்றைய கேள்வி வலது. அதில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் மரபணு இப்படி இருப்பதால் பின்னால் வர வாய்ப்பு அதிகமாம்.

டாக்டர் சொன்னது, மறப்பதற்குள்:

– வலதையும் எடுத்தால் அங்கே புதிதாக வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும். அடியோடு போகாது.
– அதை எடுப்பதால் இடது பக்க நோய் குணமாகாது. அதற்கு மருந்து தனி. ஆயுள் கூடும் என்று உறுதி தர முடியாது.
– எடுக்காமல் வருடா வருடம் ஸ்கேன் பார்க்கலாம். அதுவும் நல்ல வழிதான்.
– கூடப் பிறந்தவர்களும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. (அக்கா!!)

"டுவா-டுவா, டாக்டர்," என்றேன். இரண்டையுமே எடுத்துவிடுங்கள். புதிதாகச் செய்து வைக்கவும் வேண்டாம்.

டாக்டர் மலாய்ப் பெண், என்னைவிட இளையவர், நல்லவர். அவரும் கடைசியில் சேகரைத்தான் பார்த்தார். எல்லாரும் சேகரைத்தான் பார்க்கிறார்கள். கட்டினவர் என்றால் மார்பு அவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா? சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ இஷ்டம்," என்றார். அந்த இரண்டு வார்த்தை போதவில்லை எனக்கு. ஏன் என்று தெரியவில்லை.

ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். சரி என்றேன்.

வெளியே பெஞ்சில் ஒரு சீன ஆன்டி. அவருக்கும் இடது பக்கம்தான். மரபணு சரியாக இருக்கிறதாம், மற்றதை எடுக்க அவசியம் இல்லை என்றாராம் டாக்டர். "வேணும்னாலும் நான் எடுக்க மாட்டேன். ஐ லைக் மைன் லா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடையது அவர் இஷ்டம். இவ்வளவு சுலபமான விஷயம் என் வீட்டில் யாருக்கும் புரியாது.


மார்ச் 5, புதன்

லோரி யார்டில் ஒரே ரகளை. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் எல்லாருக்கும் கொன்டேனர் உடனே வேண்டும். இருக்கிற லோரிகளைப் பிரித்து அனுப்புவதற்குள் தொண்டை போய்விட்டது.

முனியாண்டி அண்ணன் ஓட்டும் லோரியில் பின் டயர் ஒன்று வெடித்துவிட்டது. மெக்கானிக் பக்கத்து டயரையும் தட்டிப் பார்த்தான். ஒரே நாளில் மாட்டியவை. "இதையும் மாத்திடுவோம் அக்கா, ஹைவேயில நிக்க வேணாம்," என்றான். சரி, மாற்று என்றேன். அவன் என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை.

ஏன் எடுக்கிறேன்? யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மா. முதலில் ஒரு பக்கம், சில வருடம் கழித்து மறு பக்கம். இரண்டாவது முறை வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ரவிக்கைக்குள் துணி வைத்து மறைத்தாள். வாடை வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்து, ஆப்பரேஷன் செய்தார்கள். அப்போது எனக்குப் பதினைந்து. அக்காதான் புண் கழுவினாள். என்னை அறைக்குள் விடவில்லை.

ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது. போன மாதம் பட்ட பாடே போதும். போன் அடித்தால் எடுக்காமல் சேகரிடம் நீட்டினேன். அதை வருடா வருடம் என்னால் முடியாது.

முதுகு வலி. எனக்குப் பெரிய மார்பு. பள்ளிக்கூடத்திலிருந்தே தோள் வலிக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் இழுக்கும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்னொரு பக்கத்துக்குப் பஞ்சு வைத்த பிரா. கிள்ளான் வெயிலில். சான்ஸே இல்லை.

டாக்டர் சொன்னது புரியாமல் எடுக்கவில்லை. உயிருக்கு உறுதி கிடையாது என்று தெரியும். இருக்கிற காலத்தில் ஒரு பயமாவது குறையட்டும். அவ்வளவுதான்.


மார்ச் 7, வெள்ளி

மத்தியானம் நல்ல மழை. யார்டில் கணுக்கால் தண்ணீர்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது பிரிக்பீல்ட்ஸிலிருந்து அக்கா போன். குரலில் ஒரு சந்தோஷம். அப்போதே சந்தேகப்பட்டேன்.

"திலா, ஆத்தாகிட்ட நேர்ந்துட்டேன். ஒன் வலது பக்கத்துல ஒண்ணும் வரக்கூடாது, கத்தியும் படக்கூடாதுன்னு. பங்குனித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கறேன். வெள்ளித் தகடும் வாங்கியாச்சு."

"எடுக்கப் போறேன்னு ஒன்கிட்ட நான் சொன்னப்புறமா நேர்ந்த?"

"அதனாலதான் நேர்ந்தேன். மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிட்டேன். இனிமே நீ வெட்டுனா அது சாமிக் குத்தம்."

என்னைக் கேட்காமல் என் மார்பைச் சாமிக்குக் கொடுத்துவிட்டாள். நேர்ந்துவிட்ட கோயில் மாடு மாதிரி. இனி அது ஆத்தாளுடையதாம், நான் தொடக்கூடாதாம். நாற்பத்தாறு வயது வரை சுமந்தது நான்.

போனை வைத்துவிட்டேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே. கழிவறையில் போய் அழுதேன். கோபத்தில்தான். முனியாண்டி அண்ணன் பார்த்துவிட்டு, "ஏன்மா கண்ணு செவந்திருக்கு?" என்றார். தூசி என்றேன். இந்த மழையில் என்ன தூசி.

எனக்கும் சாமி பயம் உண்டு. அதுதான் எரிச்சல்.


மார்ச் 8, சனி

துணி துவைத்தேன். மீன் வாங்கவில்லை, சேகர் விரதம்.

பக்கத்து வீட்டு லட்சுமி ஆன்டி ஒரு போத்தலில் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார். "வெறும் வயித்துல குடிம்மா, கல்லு கரைஞ்சிடும்." என்ன கல்? விசாரித்தால், அக்கா போன வாரம் வந்தபோது எனக்குச் சிறுநீரகக் கல், அதற்குத்தான் ஆப்பரேஷன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் மகள் காவ்யாவைப் பெண் பார்க்கச் சித்திரையில் வருகிறார்கள். சித்திக்குக் கேன்சர் என்று தெரிந்தால் போய்விடுமாம்.

"கல்லு இல்ல ஆன்டி. கேன்சர். மாருல," என்றேன்.

ஆன்டி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "பிள்ள பெத்துப் பால் குடுத்திருந்தா வந்திருக்காதும்மா. குடுக்காத பாலு உள்ளயே கட்டிக்கிச்சு."

இருபது வருடமாக ஏதாவது ஒரு வடிவத்தில் இதைக் கேட்கிறேன். இன்று பொறுக்க முடியவில்லை. "அம்மா மூணு பிள்ளைக்குப் பால் குடுத்தாங்க, ஆன்டி. அவங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்றேன். நடுவில் பிறந்து செத்துப்போன அண்ணனையும் சேர்த்துத்தான் மூன்று. ஆன்டி போய்விட்டார். போத்தலை வைத்துவிட்டுப் போனார். சேகர் அதைக் குடித்தார், வீணாக்க வேண்டாம் என்று. நல்லாத்தான் இருந்ததாம்.


மார்ச் 9, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ். சண்டை போடுவதற்காகவே போனேன். சேகர் வரவில்லை, "நான் வந்தா நீ அடக்கிப் பேசுவ," என்றார்.

தெருவில் பூக்கடை, பாட்டுச் சத்தம், வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசை. அக்கா வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது காவ்யா. "சித்தி, அம்மா சாமி ரூம்ல இருக்காங்க," என்று கண்ணைக் காட்டினாள். இருபத்து நான்கு வயது, அக்காவைவிட விவரமானவள்.

சாமி படத்துக்கு முன்னால் தகடு. பாதித் தகடு. மார்பு ஒன்று மட்டும், ஓரம் கோணல் மாணலாக.

"என்னக்கா இது?"

"கடைக்காரரு கண்ணு, கை, காலு, வயிறு எல்லாம் தனித்தனியா இருக்குன்னாரு. மாரு மட்டும் ஜோடியாத்தான் வருமாம். ஒனக்கு எடது போவப் போவுதே, அத எப்படி சாமிக்குக் காட்டறது? அதான் கத்திரிக்கோல்ல வெட்டிட்டேன்."

காவ்யா தகட்டைக் கையில் எடுத்தாள். "ம்மா, இது வலதுதானா? நம்ம பாக்கறப்ப வலதா, போட்டிருக்கறவங்களுக்கு வலதா?"

அக்கா தகட்டை வாங்கித் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காவ்யாவுக்கும். அக்காவும் ஒரு நிமிஷம் சிரித்தாள். சண்டை போட வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போதுதான் மற்றப் பாதியைப் பார்த்தேன். படத்துக்குப் பின்னால், இன்னொரு மஞ்சள் முடிச்சோடு. அது யாருக்கு என்று கேட்டேன். அக்கா விளக்குத் திரியைத் தூண்டினாள். காவ்யா சொன்னாள், "அது அம்மாவுக்கு, சித்தி. தனக்கே நேர்ந்துக்கிட்டாங்க."

சிரிப்பு போய்விட்டது.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அக்காவுக்கு இந்தக் கோளாறு இல்லையென்றால் அவள் வழியாகக் காவ்யாவுக்கு வராது, காவ்யா பயப்படவே வேண்டாம். இருந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா எதுக்குக்கா முடிச்சு?"

"மாப்பிள்ள வீட்டுல ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

"வராதவன் வராம போகட்டும்மா," என்றாள் காவ்யா. "நீங்க குடுக்கலன்னா நான் குடுக்கறேன்."

அக்கா அவளை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையை என் பக்கம் நீட்டினாள். "எல்லாம் ஒன்னாலதாண்டீ. அம்மாவோடத நீ பாத்தியா? நான் பாத்தேன். கத்தி வச்ச எடம் கடைசி வரைக்கும் ஆறல. தெனமும் நான்தான் கழுவுனேன். ஒரு பக்கம் போறதே எனக்குத் தாங்கல. நல்லா இருக்கறத நீயே போயி வெட்டிக்கறேங்கற."

இதை இதுவரை அவள் சொன்னதே இல்லை. முப்பது வருடம் வாய் திறக்கவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொண்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

"நான் அம்மா இல்லக்கா. ஒன் வேண்டுதல நீ வச்சுக்கோ. ஒடம்பு என்னோடது. நான் எடுக்கத்தான் போறேன்."

"அப்ப இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

மிதிக்காமல் வந்துவிட்டேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் தப்பான பிளாட்பாரத்தில் நின்று ஒரு ரயிலை விட்டேன். சாப்பிடவில்லை.


மார்ச் 10, திங்கள்

யார்டுக்குப் போனேன். யாரையும் திட்டவில்லை. டிரைவர்கள் பயந்துபோனார்கள்.

சாயந்திரம் நோன்புப் பாசாரில் ஆயாம் பெர்சிக், சுட்ட கோழி, வாங்கிக்கொண்டு வந்தார் சேகர், விரதம் முடிந்ததாம். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "அவ இஷ்டம் அவ இஷ்டம்னு சொல்றீங்களே, ஒங்களுக்குன்னு ஒண்ணும் இல்லையா?"

எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"எனக்குப் புடிக்கும். அது தெரியும் ஒனக்கு. போறது கஷ்டமாத்தான் இருக்கு. அதைச் சொன்னா நீ எனக்காக வச்சுக்குவியோன்னு பயம். அதான் சொல்லல."

இதுதான் அன்றைக்குப் போதாமல் இருந்தது. எனக்கு அனுமதி வேண்டியிருக்கவில்லை. போவது அவருக்கும் வலிக்கிறது என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. கையைக் கழுவாமலேயே அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். சட்டையெல்லாம் குழம்பு.


மார்ச் 11, செவ்வாய்

மேகமூட்டம். கொமுட்டர் தாமதம்.

டாக்டர் கேட்டார், யோசித்தீர்களா என்று. யோசித்தேன். யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார். "ஆமாம், எடுக்க வேண்டாம்னு எல்லாரும் வற்புறுத்தறாங்க," என்றேன். சிரித்தார். இந்த முறை சேகரைப் பார்க்கவில்லை.

ஆப்பரேஷன் 19, புதன். இரண்டும்.


மார்ச் 18, செவ்வாய்

வார்டு. ஜன்னல் பக்கத்துக் கட்டில். கொண்டுவந்தவை: கைலி இரண்டு, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை (சேகருடையது), பல் பிரஷ், சார்ஜர், விபூதி. யார்டு வேலையை முனியாண்டி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு முறை போன். துறைமுகத்தில் எந்த கேட் என்று கேட்கிறார். வருஷக்கணக்காகப் போகிற கேட்.

காவ்யா வந்தாள். வேலை முடிந்து நேராக. அக்கா வரவில்லை, போனும் இல்லை. "அம்மா சமைக்கறாங்க, சாப்பிடறாங்க, பேச மாட்டேங்கறாங்க," என்றாள்.

குளிக்கும்போது வலதைக் கையில் ஏந்திப் பார்த்தேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. நல்ல மார்பு. கல்யாணத்தன்று சிவப்புக் கரைச் சேலையில் அழகாக இருந்தேன், எனக்கே தெரியும். பிள்ளை குடிக்கவில்லை, ஆனால் அதற்காக அது வீண் இல்லை. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பிடித்ததை விடுகிறேன். இதைப் பைத்தியம் என்றும் சாமிக் குத்தம் என்றும் சொல்கிறவர்கள் ஒரு நாள் என் இடத்தில் அந்த போனுக்காகக் காத்திருந்து பார்க்கட்டும்.

ஆத்தா, உனக்குக் கோபம் இருந்தால் என்னிடம் வை. அக்காவிடம் வேண்டாம். அவள் பயந்தவள்.


மார்ச் 21, வெள்ளி

எழுத முடிகிறது. கை முழுதாகத் தூக்க முடியாது. இரண்டு பக்கமும் குழாய், பக்கத்துக்கு ஒரு போத்தல். நெஞ்சில் யாரோ வார் போட்டு இறுக்கியது மாதிரி. வலி, மருந்து, தூக்கம், வலி.

சேகர் கஞ்சி ஊட்டினார். மீசையில் கண்ணீர். பார்க்காதது போல் இருந்தேன்.

நாளை வீடு.


மார்ச் 26, புதன்

மறுபடி வெயில். இன்று கட்டுப் பிரிக்க வேண்டிய நாள். பெருநாள் நெருங்குகிறது, சேகருக்கு மூன்று வீட்டில் ஏர்கான் கெட்டுக் கிடக்கிறது. கிராப் டாக்ஸி பிடித்துப் போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் அக்கா. பையில் தண்ணீர்ப் போத்தல், துண்டு, குடை.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்று சேகரிடம் சொன்னாள். என்னிடம் பேசவில்லை. காரில் பிரேக் போடும்போதெல்லாம் கையை மட்டும் என் முன்னால் குறுக்கே நீட்டினாள்.

டாக்டர் முதலில், எடுத்த மார்புகளின் பரிசோதனை முடிவைச் சொன்னார். வலதில் ஒன்றும் இல்லை, சுத்தம். அக்கா பெருமூச்சு விட்டாள். "பாத்தியா, சும்மா எடுத்துட்ட."

"ஒண்ணும் இல்லாதப்பவே எடுத்தேன்கா. வந்தப்புறம் எடுக்கவா ஆஸ்பத்திரிக்கு வந்தேன்?" என்றேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார். இடது பக்கத்துக்கு மருந்து அடுத்த மாதம் ஆரம்பம். அது பெரிய வேலை. அதையும் பார்ப்போம்.

நர்ஸ் திரையை இழுத்தாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். கட்டுப் பிரியப் பிரிய எனக்கே பார்க்கப் பயம், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த தண்ணீர். பஞ்சு. குழாய் எடுத்தபோது "அம்மா" என்று கத்திவிட்டேன். அக்கா திரும்பிவிட்டாள்.

பார்த்தாள். வாயில் துண்டை வைத்துக்கொண்டு, குனிந்து, கிட்டே வந்து பார்த்தாள். இடது, வலது. இரண்டு கோடு. தட்டையாக, லேசாகச் சிவந்து. வாடை இல்லை. நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"அம்மாவோடது இப்படி இல்ல," என்றாள்.

"ம்."

"காஞ்சிருக்குடீ."

"ஆமாக்கா."

"வலிக்குதா?"

"வலிக்குது."

சட்டைப் பட்டனை அவளே போட்டுவிட்டாள், கழுத்து வரைக்கும். நர்ஸ் போன பிறகும் திரையைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ நம்பர் கூப்பிட்டார்கள். துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"திலா."

"என்ன?"

"அந்த ரத்தம் எடுக்கற ஊசி பெருசா இருக்குமா?"